வால்வுக்காரர் வீட்டுக் கேமரா

கேமரா வாங்க வருகிறவர்கள் எல்லோரும் திருடனைப் பற்றித்தான் பேசுவார்கள். பதினோரு வருஷமாக என் கடையில் அதே பேச்சுதான். வராத திருடனுக்கு உயரம், நிறம், சட்டை எல்லாம் வர்ணித்துவிட்டுப் போனவர்கள்கூட உண்டு. இஸ்திரி அக்கா மட்டும்தான் உள்ளே வந்து, போட்ட நாற்காலியில் உட்காராமல், இப்படிக் கேட்டார்.

"தம்பி, உள்ள இருக்கற ஆளு வெளிய போகாம இருக்கறதுக்குக் கேமரா இருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"கேமரா யாரையும் புடிச்சு வைக்காதுக்கா. போறதைக் காட்டும். அவ்வளவுதான் அதால முடியும்."

"காட்டினாப் போதும். நான் ஓடிப்போய்ப் புடிச்சுக்கிறேன். எதிர்வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரருக்கு நீங்கதான மாட்டிக் குடுத்தீங்க? அவருதான் உங்ககிட்டப் போகச் சொன்னாரு."

"யாருக்கா வெளிய போறது?"

"வேற யாரு, எங்க வீட்டுக்காரருதான்."

அவரைத் தெரியாதவர் எங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? தண்ணீர் வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் வால்வு திறந்தவர். விடியும்போதே ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு வருவார். தெருவோரக் குழியின் மூடியை நெம்பித் தள்ளிவிட்டு, சாவியை உள்ளே இறக்கி, குனிந்தபடி சுற்றிக்கொண்டே இருப்பார். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கக் குழாய்கள் இருமத் தொடங்கும். ஒரு நாள் அவர் லீவு போட்டால் அன்றைக்கு அவரைத் திட்டாத வாய் கிடையாது, என் வாயையும் சேர்த்துத்தான். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. மறதி வந்து இரண்டு வருஷம். பெற்ற மகளையே "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்கிற மனிதர், எந்தத் தெரு வால்வுக்கு எத்தனை சுற்று என்பதை மட்டும் மறக்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. திடீரென்று, "நேரமாச்சு, தெருவுல குடத்தோட நிப்பாங்க" என்று கிளம்பிவிடுவார். ஏற்கெனவே இரண்டு தடவை காணாமல் போனார். இரண்டாவது தடவை மறுநாள்தான் கிடைத்தார், லாரிகள் போகிற சாலையோரத்தில், ஒற்றைச் செருப்போடு.

"பொண்ணு ஒரே பேச்சா சொல்லிட்டா தம்பி. இன்னொரு தடவை காணாமப் போனாருன்னா காப்பகத்துல சேத்துடறதுன்னு. ஃபாரம்கூட வாங்கி வெச்சிட்டா. நான் ஒரு கையெழுத்துப் போட்டா அவங்களே வண்டியோட வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் செத்த பிறகு எங்க வேணா சேத்துக்கோன்னேன். நாப்பது வருஷம் தம்பி. என்னைக் கேக்காம ஒரு டீ குடிக்க மாட்டாரு. அவரை எவனோ ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டு நான் வீட்டுல உக்காந்து சட்டை தேய்ச்சுக்கிட்டு இருக்கணுமா?"

அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய வலது முன்கையில் சூடு பட்ட தழும்புகள் வரிவரியாக இருந்தன. துணி தேய்க்கிறவர்களுக்கு அது ஒரு கணக்கே இல்லை.

கண்ணாடி அலமாரியில் இருந்த குட்டிக் கேமராவைக் காட்டி, "இது அழகா இருக்கே, போதாதா?" என்றார்.

"அது வைஃபைக்கா. வீட்டுல ரெண்டு சுவர் குறுக்க வந்தாலே திக்கும். அவர் கேட்டைத் தாண்டின பிறகு நிதானமா உங்களுக்குச் சேதி சொல்லும்."

"அய்யோ, அது வேணாம்."

"ஒயர் இழுத்து மாட்டினாத்தான் நிக்கும். நாளைக்கு வந்து வீட்டைப் பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் போனேன். வெயில் அப்படி ஒரு வெயில், ஏணியைத் தொட முடியவில்லை. முன்னறை முழுக்க ஊரார் துணி. ஒரு பக்கம் முடிச்சுப் போட்ட மூட்டைகள், இன்னொரு பக்கம் தேய்த்து அடுக்கிய சட்டைகள், நடுவில் போர்வை விரித்த மேசை. தண்ணீர் தெளித்த பருத்தி சூட்டில் வேகிற வாசனை. அதற்கு அந்தப் பக்கம் ஒரு நடை, படுக்கையறை, சமையலறை, பின்கதவு. முன்னால் கம்பிக் கேட். அவ்வளவுதான் வீடு. மூன்று கேமரா போதும் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

வால்வுக்காரர் என் பின்னாலேயே வந்தார். நான் ஏணியில் ஏறியதும் வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் இன்னும் பலம் இருந்தது.

"நீ யாரு, புதுசா வந்த ஹெல்ப்பரா?"

"ஆமாங்க."

"எந்த செக்‌ஷன்?"

"கேமரா செக்‌ஷன்ங்க."

"அது எப்ப ஆரம்பிச்சாங்க? எனக்கு ஒருத்தனும் சொல்லல பாரு." கொஞ்சம் வருத்தப்பட்டார். பிறகு, "கடைத்தெரு வால்வு பதினொண்ணரை சுத்து. அந்த அரைச் சுத்தை விட்டுட்டா மாடிக்குத் தண்ணி ஏறாது. ஆளுங்க உன்னைத்தான் திட்டுவாங்க. ஞாபகம் வெச்சுக்கோ."

"வெச்சுக்கறேங்க."

"எழுதி வெச்சுக்கோ. இப்ப வர்ற பசங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் நிக்கிறதில்ல."

இஸ்திரி அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார். அந்த வீட்டில் நான் பார்த்த ஒரே சிரிப்பு அதுதான்.

மற்ற வீடுகளில் கேமராவைத் தெருவைப் பார்த்து மாட்டுவேன். இங்கே எல்லாம் தலைகீழ். வெளியிலிருந்து வருகிறவன் வேண்டாம், உள்ளே இருந்து போகிறவர்தான் வேண்டும். நடையில் உருண்டையான ஒன்று, பின்கதவைப் பார்த்து ஒன்று, கேட்டுக்கு மேலே நீளமாக ஒன்று. கேட்டும், கேட்டுக்கு வெளியே இருக்கிற படியும் தெரிகிற மாதிரி அதைச் சாய்த்து வைத்தேன். நாலு கேமரா தாங்குகிற ரெக்கார்டர். ஆள் நடந்தால் அக்காவின் போனில் மணி அடிக்கும். இதையெல்லாம் நான் பெருமையாகத்தான் விளக்கினேன்.

"ஹார்டு டிஸ்க் சின்னது போட்டாலும் பதினஞ்சு நாள் பதிவு நிக்கும்கா. பெருசு போட்டா ஒரு மாசம்."

"பதினஞ்சு நாளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது தம்பி? எனக்குப் போன நிமிஷம் தெரிஞ்சாப் போதும்."

"சரி, சின்னதே போட்டுடலாம். இங்க கரண்டு அடிக்கடி போகுமா?"

"இந்த லைன்ல போகவே போகாது. போச்சுன்னா எனக்குப் பொழப்பு ஓடுமா?"

"அப்போ பேட்டரி வேணாம். எதுக்கு வீண் செலவு?"

நான்தான் சொன்னேன். அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. வியாபாரத்தில் எத்தனையோ பேருக்குத் தேவையில்லாததைத் தலையில் கட்டியிருக்கிறேன். இவருக்கு மட்டும் நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தேவையானதை வேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். அக்கா டீ போட்டுக் கொடுப்பார். தேய்க்கிற மேசைக்கு நேர் எதிரே சுவரில் திரையை மாட்டியிருந்தேன். கை பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருக்கும், கண் திரையை விட்டு நகராது. போன் மணி அடித்தால் உடம்பு தூக்கிப் போடும். வால்வுக்காரர் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனாலும் மணி, நடையில் சும்மா நின்றாலும் மணி.

"ரெண்டு காலரைக் கருக்கிட்டேன் தம்பி. ஒரு டாக்டரோட சட்டை. மனுஷன் ஒண்ணும் சொல்லல, அதுக்கப்புறம் துணியே அனுப்பல."

"கொஞ்சம் கண்ணை மூடித் தூங்குங்கக்கா. மணிதான் அடிக்குமே."

"தூங்கறதா? குளிக்கப் போனாலே போனைப் பாலித்தீன் பையில போட்டுக் கொண்டு போறேன். தலைக்கு ஊத்தினா மணி கேக்காம போயிடுமோன்னு மேலுக்கு மட்டும் ஊத்திக்கிட்டு வந்துடறேன்." டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "ஒண்ணு சொல்லட்டுமா? சில சமயம் அப்படியே போய்த் தொலையட்டுமேன்னு தோணிடுது. அடுத்த நிமிஷமே கன்னத்துல போட்டுக்கறேன். இப்படி நினைக்கிற எனக்கு நல்ல சாவு வருமா தம்பி?"

"டீ நல்லா இருக்கு" என்று உளறிவிட்டு வந்தேன்.

கேமரா மாட்டிய இருபத்து மூன்றாவது நாள், மத்தியானம் இரண்டே முக்காலுக்குப் போன் வந்தது.

"தம்பி, போயிட்டாரு. பாத்துக்கிட்டே இருந்தேன் தம்பி, பாத்துக்கிட்டு இருக்கும்போதே போயிட்டாரு!"

கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். அக்கா தெருமுனையில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். துணி கொடுக்க வந்த ஒரு பெண் கேட்டைத் தாழ் போடாமல் போயிருக்கிறாள். மணி அடித்தது, திரையில் வால்வுக்காரர் கேட்டைத் திறப்பது தெரிந்தது, அக்காவும் ஓடி வந்தார். ஆனால் வீட்டையும் கேட்டையும் பூட்டிவிட்டு வருவதற்குள் தெருவில் ஆள் இல்லை.

"எந்தப் பக்கம் திரும்பினாருன்னு தெரியலையே!"

கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுக் கேமராவில் அது தெரியும். அவர் வீடு பூட்டிக் கிடந்தது. கடைக்குப் போன் செய்தேன். "ஆறு மணிக்கு வந்ததும் பாத்துச் சொல்றேன்" என்றார். வீட்டில் இருந்தால்தான் பார்க்க முடியுமாம். போனில் பார்க்கிற வசதியை நான் வைத்துக் கொடுத்தேன், அவர்தான் கடவுச்சொல்லை மறந்துவிட்டார்.

அக்காவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு தேடினேன். அவருக்குத்தான் ஒவ்வொரு வால்வுக் குழியும் மனப்பாடமாகத் தெரிந்தது. மார்க்கெட் பின்புறம், பள்ளிக்கூடச் சுவரோரம், மாவு மில் முக்கு. முதல் தடவை இங்கேதான் கிடைத்தார், இரண்டாம் தடவை லாரி சாலையில் கிடைத்தார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எங்கேயும் இல்லை. லாரி சாலைக்குப் போனோம். அங்கே ஒவ்வொரு லாரியும் எங்களைக் கடக்கும்போது என் சட்டையை இறுக்கிப் பிடித்தார். என் தோளில் ஈரமாக இருந்தது. வியர்வையா அழுகையா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நிமிஷத்துக்கு ஒரு தடவை போனை எடுத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியல தம்பி, கருப்பா இருக்கு."

"நெட்டு போயிருக்கும்கா. வீட்டைப் பாத்து இப்ப என்ன ஆகப்போகுது? அவர் வீட்டுலயா இருக்காரு? தெருவைப் பாருங்க."

கடுகடுவென்றுதான் சொன்னேன். எனக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நாலரைக்கு மகள் வந்து சேர்ந்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாக்பீஸ் தூள் கையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். அம்மாவைத் திட்டாமல், இன்னும் தேடாத தெருக்கள் எவை என்று மட்டும் கேட்டார். அதுதான் அக்காவை அதிகமாகப் பயமுறுத்தியது.

ஐந்தே முக்காலுக்கு நான்தான் கண்டுபிடித்தேன். புதிதாகத் தார் போட்ட தெருவில், மூடியே தாருக்குள் புதைந்துபோன ஒரு குழியின் பக்கத்தில் மண்டியிட்டு, விரலால் சுரண்டிக்கொண்டிருந்தார். இரண்டு நகம் பிய்ந்து ரத்தம். உதடு வெடித்திருந்தது.

"மூடியைக் காணோம்பா. எவனோ எடுத்துட்டான்."

"வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"வீடு பூட்டியிருக்கு," என்றார். அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. எத்தனையோ உளறுகிறவர், அதில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா கேட்டுப் பூட்டையும் கதவுப் பூட்டையும் திறந்தார். உள்ளே இருட்டாக இருந்தது. கதவுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ மேலே தள்ளினார். மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. சுவரில் என் திரை கண் திறந்தது. ரெக்கார்டர் பீப் என்று ஒரு சத்தம் போட்டது.

போன் கருப்பாக இருந்ததற்குக் காரணம் நெட்டு இல்லை.

"அக்கா, மெயினை ஆஃப் பண்ணிட்டா போனீங்க?"

"ஆமா தம்பி. எப்பவும் அப்படித்தான். ஒரு தடவை பெட்டியை மறந்துட்டுப் போய் மேசையோட எரிஞ்சுது, அடுத்தவங்க கல்யாணத் துணி பூரா போச்சு. அதுல இருந்து ரெண்டு பேரும் வெளிய போனா மெயினை இறக்காம பூட்ட மாட்டேன். கை தானாப் போயிடும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் முகத்தைப் பார்த்தார். "ஏன் தம்பி? கேமரா அதுல ஓடுதா?"

தலையை ஆட்டினேன். ஒரு சின்னப் பேட்டரி இருந்திருந்தால் நாலு மணி நேரம் தாங்கியிருக்கும். அதை நான் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

டீச்சர் அப்பாவின் விரல்களைத் தண்ணீரில் கழுவி, துணி கிழித்துக் கட்டினார். அவர், "நல்லா இரும்மா, யாரு பெத்த பிள்ளையோ" என்றார். கட்டி முடித்ததும் டீச்சர் கைப்பையைத் திறந்து அந்த ஃபாரத்தை எடுத்து மேசைமேல், துணிகளுக்கு நடுவில் வைத்தார்.

"அம்மா, நான் திட்டல. கத்தல. நீயே சொல்லு."

"நான் மாட்டேன்."

"இன்னிக்கு நகம். அடுத்த தடவை என்ன? லாரிக்காரன் போன் பண்ணிச் சொல்லணுமா?"

"கேட்டுக்கு எந்நேரமும் பூட்டு போடறேன். உள்பக்கமா. சாவியைக் கழுத்துல தொங்க விட்டுக்கறேன். இனிமே யாரு துணி குடுக்க வந்தாலும் வாசல்லயே வாங்கிக்கறேன். டீச்சர், டீச்சர்னு ஊரெல்லாம் உன்னைச் சொல்றாங்க. பெத்த அப்பனை அனுப்பறதுக்கு உனக்கு எப்படிடி கை வருது?"

"வரலம்மா. அதான் உன்னைப் போடச் சொல்றேன்!" என்று டீச்சர் கத்திவிட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் கண்ணாடிக்கடைக்காரர் கேட்டில் வந்து நின்றார். கையில் போன்; வீட்டுத் திரையில் வேண்டிய இடங்களை மட்டும் ஓட்டி அதில் படம் பிடித்திருந்தார். என்னைப் பார்த்து, "நீங்க கேட்டீங்களே, எந்தப் பக்கம் போனாருன்னு? கிழக்கால போயிருக்காரு. ஆனா..." என்று இழுத்தார். "ஆனா திரும்பி வந்திருக்காரு. நீங்க யாரும் சொல்லலையே?"

போனை வாங்கி மேசைமேல் சாய்த்து வைத்தேன். நாலு பேரும் குனிந்தோம். வால்வுக்காரரும் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

மூன்று இருபது. நாங்கள் லாரி சாலையில் இருந்த நேரம். நல்ல வெயிலில் அவர் நடந்து வருகிறார், தடுமாற்றமே இல்லை. நேரே கேட்டுக்கு வந்து நிற்கிறார். தாழைத் தூக்கிப் பார்க்கிறார், பூட்டு. வாசல் மணியை அழுத்துகிறார். மெயின் இல்லாமல் மணி எங்கே அடிக்கும்? காது கொடுத்துக் கேட்கிறார். மறுபடி அழுத்துகிறார். கம்பியைத் தட்டுகிறார். வாயைக் குவித்து யாரையோ கூப்பிடுகிறார்.

"வந்திருக்காரு," என்றார் அக்கா. குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. "பாருடி! வீடு தெரிஞ்சிருக்கு! யாரும் கூட்டிட்டு வரல, தானா வந்திருக்காரு! இவருக்கா ஒண்ணும் தெரியாதுங்கறே? பாரு, என்னைத்தான் கூப்பிடறாரு! எங்கயும் காணாமப் போகல இவரு. வேலைக்குப் போனாரு, வந்துட்டாரு!"

டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெதுவாகக் கையை நீட்டி அந்த ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"சரிம்மா," என்றார். "சரி. வேணாம். நான் இங்கயே வந்து இருக்கேன். ஸ்கூல்ல கேட்டுப் பாக்கறேன்."

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்பாடா, முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை நுனியைத் தூக்கி முகத்தைத் துடைக்கிறார். நிழல் இல்லை. எழுந்து பூட்டைக் கையில் ஏந்திப் பார்க்கிறார், உட்காருகிறார். தெருவில் ஒரு சைக்கிள்காரன் போகிறான், நிற்கவில்லை. நேரம் மூன்று முப்பத்தெட்டு என்று காட்டியது.

என் தோளுக்குப் பின்னால் வால்வுக்காரர் பேசினார்.

"யாரோ பெரியவர் நிக்கிறாரே. இந்த வெயில்ல பாவம்." அக்காவின் கையைத் தொட்டார். "ஏம்மா, ரொம்ப நேரமா நிக்கிறாரு. தொறந்து விடக் கூடாதா?"

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். பிறகு மெயினை இறக்கிப் பூட்டிய தன் வலது கையை விரித்து, வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க..." என்றார் மகளிடம். "அந்த எடத்துல கதவு தொறக்கறதுக்கு எந்நேரமும் ஆள் இருக்குமாடி?"

"அம்மா, அதான் வேணாம்னுட்டேனே."

"கேக்கறதுக்குச் சொல்லு."

"இருக்கும். மூணு ஷிஃப்ட்டு."

"தட்டினா உடனே வந்துடுவாங்களா?"

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். அக்கா ஃபாரத்தைத் திரும்பத் தன் பக்கம் இழுத்து, என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அவருக்குக் கையெழுத்து மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு எழுத்தாக வைத்தார். டீச்சர் தடுக்கப் போனார். நான் தடுத்திருக்க வேண்டும், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போனில் அவர் எழுந்துவிட்டார். கேட்டின் கம்பியைக் கடைசியாக ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, வந்த வழியே நடக்க ஆரம்பித்தார். நடந்து நடந்து, திரைக்கு வெளியே போய்விட்டார். காலியான படியும் பூட்டும் மட்டும் தெரிந்தன.

வால்வுக்காரர் எங்கள் நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"போயிட்டாரு," என்றார். "இத்தனை பேரு இருக்கீங்க. ஒருத்தரும் தொறக்கல."